மூலை இல்லாத அறை

மெரினாவுக்கு எதிரே, காமராஜர் சாலையில் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை மரபு நடைக்கு வருபவர்களிடம் காட்டி விளக்குவது சில ஆண்டுகளாக என் பணி. தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, நேராக 1897க்குப் போய்விடுவேன். அந்த ஆண்டு பிப்ரவரி 6 முதல் 14 வரை சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். அந்த ஒன்பது நாட்களைப் பற்றிக் கேட்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள்.

ஒருநாள், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "நாங்களும் இங்கதாம்ப்பா இருந்தோம்" என்றார். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இது அவருக்கு விடுதியாக இருந்திருக்கிறது. வளைந்த சுவரைத் தடவிக்கொண்டே, "மூலையே இல்லாத அறை. டிரங்குப் பெட்டிய எப்படி வெச்சாலும் பின்னால இடைவெளி விழும். சீப்பு விழுந்தா அவ்வளவுதான்" என்றார்.

அன்றிரவு என் குறிப்புகளை முதலிலிருந்து திருத்தி எழுதினேன். 1842இல் பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடர் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய இந்தக் கட்டடம், நீராவி இயந்திரங்கள் உள்ளூரிலேயே பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கியதும் பயனற்றுப் போனது. அதை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், சன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்து, நீதிபதி கெர்னனின் நினைவாகக் 'கேஸில் கெர்னன்' என்று பெயரிட்டார். குளிர் வெளியேறாதிருக்க எழுப்பிய சுவர்களில் காற்று வரத் திறப்புகள் வைத்த அவரே, என் பார்வையில், இதை வீடாக்கியவர். விவேகானந்தரின் விருந்தோம்பியும் அவரே. பின்னர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் 1906 வரை இங்கே மடம் நடத்தினார்.

அதன்பின் வந்தவர்களைத்தான் நான் விட்டுவிட்டிருந்தேன். குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்து, 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, எழும்பூரில் ஒரு வீட்டில் சில கைம்பெண் சிறுமிகளோடு தொடங்கிய இல்லம், பெருகிப் பெருகி இடம் போதாமல் இங்கே வந்து சேர்ந்தது. மங்கல நிகழ்ச்சிகளில் முகம் காட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட சிறுமிகள், கடலைப் பார்த்த இந்த வட்டச் சுவர்களுக்குள் பாடம் படித்து ஆசிரியைகளாக வெளியேறினார்கள். 1963இல் கட்டடம் இப்போதைய பெயரைப் பெற்றது. 1997இல் ராமகிருஷ்ண மடத்திடம் வந்தது.

இப்போது அந்த வளைந்த சுவரருகே நடையை நிறுத்தி, அச்சிறுமிகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டி இருந்த இடத்தைக் காட்டுகிறேன். வந்தவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் குனிந்து பார்க்கிறார்.