சோடியமும் மாஸ்ரரும்

எங்கள் பள்ளிக்கூட இரசாயன மாஸ்ரர் காலமான செய்தி பழைய மாணவர் வட்சப் குழுவில் வந்ததும் இரங்கல் எழுதியவர்களில் பாதிப்பேர் சோடியத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். இரண்டு வருடம் அவர் மாய்ந்து மாய்ந்து படிப்பித்த சேதன இரசாயனம் ஒருவருக்கும் ஞாபகமில்லைப் போலும்.

சோடியத்தைத் தண்ணீரில் போட்டுக் காட்டும் அந்தப் பாடம் கண்ணாடித் தொட்டி கழுவுவதில் தொடங்கும். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உருகிய சோடியம் ஓரத்தில் ஒட்டி அந்த இடத்தையே சூடாக்கும், கண்ணாடி வெடித்துவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, அரைவாசிக்குத் தண்ணீர் விட்டு, காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினோத்தலீன் சில துளி. துண்டை இடுக்கியால் எடுத்து, வெள்ளைப் பொருக்கைச் சீவி, மண்ணெண்ணெயை வடிதாளில் ஒற்றி, அரிசிமணி அளவு வெட்டுவார். பட்டாணி அளவு என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க அவனுக்குப் பட்டாணி என்றுதான் பெயர்.

98 பாகையில் உருகும் உலோகம் தன் சூட்டிலேயே உருண்டையாகி, சீறிக்கொண்டு, இளஞ்சிவப்புக் கோடு இழுத்தபடி ஓடும். "எது எரியுது?" என்பார். ஒன்றும் எரியாது. "சோடியம், சேர்" என்றவன் வாங்கில் ஏறுவான். பிறகு தண்ணீரில் ஒரு வடிதாளை மிதக்கவிட்டு, அதே அளவு துண்டை அதன்மேல் வைப்பார். ஓடமுடியாத துண்டில் சூடு சேர, வெளிவரும் ஐதரசன் பற்றிக்கொள்ளும். மஞ்சள் நிறம் மட்டும்தான் சோடியத்தினுடையது. வாங்கில் நின்றவனுக்குத்தான் அது வடிவாகத் தெரியும்.

சுவாலை அடங்கியதும் எட்டிப் பார்க்கக் கூடாது. மிஞ்சும் சூடான மணி கடைசியில் படீரென்று வெடித்துக் காரத்தைத் தெறிக்கும். கண் போவது அங்கேதான். வெட்டிய சீவல்களை மதுசாரத்தில் போட்டு, குமிழி முற்றாக நிற்கும்வரை வைத்திருப்பார். கைகழுவும் தொட்டியில் எறிந்தவனை அவர் மன்னித்ததே இல்லை.

கல்சியம் தாழும், குமிழிகள் தூக்க மேலே வரும், தண்ணீர் பாலாகும். மகனீசிய நாடாவைக் குளிர்நீரில் போட்டுவிட்டு அடுத்த கிழமை வரை காத்திருக்கலாம்.

மண்ணெண்ணெய் அரிதாயிருந்த போர்க்காலப் பொருளாதாரத் தடையில் நாங்கள் ஜாம்போத்தல் விளக்கில் படித்தோம். சோடியப் போத்தலில் மட்டும் மண்ணெண்ணெய் மட்டம் இறங்கவில்லை. எங்கிருந்து கொண்டுவந்தார் என்று கேட்கும் புத்தி அப்போது ஒருவருக்கும் இருக்கவில்லை.

ஐதரசனும் நீராவியும் உலோகத்தைச் சுற்றிப் படலமாக நின்றால் தாக்கம் தணியத்தானே வேண்டும், பெரிய துண்டு ஏன் வெடிக்கிறது என்று அவரே கேட்பார், விடை சொல்லமாட்டார். 2015இல் பிராக் நகர விஞ்ஞானி பாவெல் யுங்விர்ட்டின் குழுவினர் அதிவேகக் கமராவில் அதைப் பிடித்தார்கள். இலத்திரன்கள் நீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேரேற்ற உலோக அயன்கள் ஒன்றையொன்று தள்ள, ஒரு மில்லிசெக்கனுக்குள் உலோகம் முட்களாகச் சிதறுகிறது. தண்ணீர் தொடும் பரப்பு அதனால் பெருகிவிடும். அந்த வீடியோ ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ன் என்று எங்களுக்குள் சுற்றி வந்தது. ஊரில் இருந்த அவருக்கு ஒருவரும் அனுப்பவில்லை.

பழைய மாணவர் சங்கம் இம்முறை பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குப் பணம் அனுப்புகிறது. கணினி பிறகு வாங்கலாம். முதலில் பாதுகாப்புத் திரையும் கண்ணாடிகளும். பழைய பொற்றாசியப் போத்தல் இன்னும் இருந்தால், துண்டுகளில் மஞ்சள் பொருக்கு இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள். அது பொற்றாசியம் ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் சுப்பரொட்சைட்டு, எண்ணெயோடு சேர்த்துக் கத்தி வைத்தாலே வெடிக்கலாம். திறக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், தெரிந்தவர்களைக் கூப்பிடட்டும்.