ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லையே சிஸ்டர்

"ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே சிஸ்டர், அப்புறம் எதுக்கு நான் வீட்ல உக்காரணும்?"

தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் அந்த அக்கா கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியானதுதான். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். தலையில் அடிபட்டு மூளை குலுங்கிப்போகும் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) அதில் பெரும்பாலும் தெரியாது. தேயிலைக் காட்டுக் கானில், அதாவது தண்ணீர் வடியும் வாய்க்காலில், கால் வழுக்கி சில்வர் ஓக் மரத்தில் தலை மோதியபோது அவருக்கு நினைவு தப்பவில்லை. மூளை அதிர்ச்சியில் முக்கால்வாசிப் பேருக்குத் தப்புவதும் இல்லை. ஆனால் ஊட்டிக்குக் கொண்டுபோக வண்டி வரும்வரை, "என் கூடை எங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். கூடை அவர் காலடியில்தான் கிடந்தது.

முதல் இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவாக நடமாட்டம், தலைவலி கூடினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும் என்றேன். திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, எழுப்பியும் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி என்று மகளிடமும் சொன்னேன். எல்லாம் சரி. பிறகு ஏன் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது?

மூளை அதிர்ச்சிக்குப் பிறகு படிப்படியாகப் பழைய வேலைக்குத் திரும்பும் முறை விளையாட்டு வீரர்களை வைத்து எழுதப்பட்டது. லேசான நடை, கொஞ்சம் ஓட்டம், பயிற்சி, கடைசியில்தான் ஆட்டம். ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து தேயிலைக் காட்டுக்கு ஏறும் ஏற்றமே பாதிப் படிகளைத் தாண்டிவிடும். அதற்கு மேல் தலையில் கொழுந்து மூட்டை. லேசான வேலை கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டால், "உக்காந்து பாக்குற வேலை ஃபேக்டரியிலதான் சிஸ்டர் இருக்கு" என்கிறார். தலைவலிக்காரரை அந்த மெஷின் இரைச்சலிலா உட்கார வைப்பது?

நிரந்தரத் தொழிலாளி என்றால் மருத்துவச் சான்று வைத்து நோய்க்காலப் பணமாவது கேட்கலாம். இவர் தற்காலிகம். வீட்டில் இருந்தாலும் கீழே குழாயடியிலிருந்து குடம் மேலே வந்தாக வேண்டும். அதற்கு நான் லீவு எழுதிக்கொடுக்க முடியாது. கூலியும் போய், ஓய்வும் இல்லை.

இருந்தும் வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டேன். ஆறுவதற்குள் அதே ஈரக் கானில் இன்னொரு முறை விழுந்தால் யார் பொறுப்பு? பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும், கொஞ்ச நாள் பொறுப்பதில் என்ன என்று அப்போது தோன்றியது. அந்தக் கொஞ்ச நாளுக்கு மாதச் சம்பளக்காரி ஒரு கணக்குப் போடுகிறாள், நாள்கூலிக்காரி வேறு கணக்குப் போடுகிறாள்.

அந்த வாரக் கடைசியிலேயே வந்து நின்றார். "தலைவலி சுத்தமா போயிடுச்சு சிஸ்டர்." நிற்கச் சொன்னேன், நடக்கச் சொன்னேன், தடுமாற்றம் இல்லை. வெளிச்சம் கூசுதா என்றதற்கு, இல்லை என்று சட்டென்று சொன்னார். கொஞ்சம் சட்டென்றுதான். ஸ்கேனில் தெரியாத ஒன்றை அவர் வாய்மொழியை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்ள முடியும், அந்த வாய்க்கோ கூலி வேண்டும். மூட்டை தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீட்டை மேஸ்திரி பார்த்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.