அப்படியே நில்லுங்க

பதினோரு வருஷம் சென்னையில ஃபேஷன் போட்டோகிராபரா ஓட்டினேன். புடவை கேட்லாக், நகைக்கடை ஹோர்டிங், அதுதான் பொழப்பு. மாடல் திரும்புற செகண்ட்ல ஃபிளாஷ் அடிச்சு முந்தானைய காத்துலயே நிறுத்திடுவேன். ஒரு நாளைக்கு நூறு தடவ "அப்படியே நில்லுங்க"ன்னு சொல்லியிருப்பேன்.

சொந்த ஊர் ஊட்டி. அப்பா இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரில, அதாங்க இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல, இருட்டு ரூம்ல வேலை பார்த்தவர். அதனால முதல் குறும்படத்த நம்ம மலையிலயே எடுப்போம்னு கோத்தகிரி பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். ஃபிரேம் சென்ஸ் இருக்கு, டைரக்‌ஷன் தானா வந்துடும்னு ஃப்ரெண்ட்ஸ் ஏத்திவிட்டாங்க, நானும் நம்பிட்டேன்.

நிஜமாவே கொழுந்து பறிக்கிற பாட்டிதான் ஹீரோயின். ஆக்‌ஷன் சொன்னதும் ரெண்டு கொழுந்து கிள்ளுவாங்க, உடனே கையத் தூக்கினபடி சிலை மாதிரி நின்னு லென்ஸையே பார்ப்பாங்க. நாலு டேக்கும் அதே கதை. ஏன் பாட்டின்னா, "நீதானய்யா நேத்து போட்டோ புடிக்கையில அசையாதேன்னு சொன்ன?"ங்கறாங்க. யூனிட்டே சிரிச்சுது, எனக்கு மட்டும் சிரிப்பு வரல.

மிஸ்ட் வேற. போட்டோவுக்கு மிஸ்ட் வந்தா லாட்டரி அடிச்ச மாதிரி, பேக்டிராப் காசு மிச்சம். இங்க வைட் ஷாட் நல்ல வெயில்ல எடுத்துட்டு குளோசப்புக்கு கேமராவ நகர்த்துறதுக்குள்ள பக்கத்து செடியே தெரியல, கன்டினியூட்டி காலி, மூணு மணி வரைக்கும் டீ குடிச்சதுதான் மிச்சம்.

அதவிட பெரிய கூத்து, லென்ஸுக்கு முன்னாடி மாட்டி வெளிச்சத்தக் குறைக்கிற என்.டி ஃபில்டர் எடுத்துட்டுப் போகல. வெயில் ஜாஸ்தியா இருக்கேன்னு பழக்கதோஷத்துல ஷட்டர் ஸ்பீட செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்குன்னு வச்சுட்டேன். வீடியோல செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடுறப்ப அம்பதுல ஒரு பங்கு கிட்ட வைக்கணும், அப்பதான் அசைவுல கொஞ்சம் மங்கல் இருந்து கண்ணுக்கு இயல்பா ஓடும். ராத்திரி ரூம்ல போட்டுப் பார்த்தா பாட்டி விரல் வெட்டுக்கிளி மாதிரி துள்ளுது. முதல் நாள் ஃபுட்டேஜ் மொத்தமும் குப்பை.

கே.வி.ஆனந்த் பத்திரிகை போட்டோகிராபரா ஆரம்பிச்சவர்தான். ஆனா நடுவுல கேமராமேன் பி.சி.ஸ்ரீராம்கிட்ட அசிஸ்டென்ட், அப்புறம் கேமராமேன், 2005லதான் டைரக்டர். அந்த நடுப் பகுதியத்தான் நான் தாண்டிக் குதிச்சிருக்கேன்.

படம் ஒருவழியா முடிஞ்சுது, கடன் முடியல. போன வாரம் மறுபடி புடவை கேட்லாக். மாடல் பொண்ணு, "சார், நிக்கவா?"ன்னுச்சு. பழைய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. "நீ பாட்டுக்கு நடம்மா, நான் புடிச்சுக்கறேன்"னேன். பத்து ஷாட்ல எட்டு அவுட் ஆஃப் ஃபோகஸ்.