எழுவான்கரை, படுவான்கரை, வீட்டு இணையம்

செப்டெம்பர் 20, 2025 – சனி

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. இங்கே 'வீட்டு இணையத்துக்கு எந்தக் கம்பனி நல்லது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. வீடு எங்கே என்று தெரிந்தால்தான் பேசலாம். எழுவான்கரையில் கல்லடிப் பிரதான வீதியில் பறக்கிற இணைப்பு, வாவி தாண்டி படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் தவழும். ஒரே ஒழுங்கையில் முன்வீட்டுக்கு ஃபைபர் (ஒளியிழைக் கம்பி வழி இணையம்) கிடைக்கும், கடைசி வீட்டுக்குக் கிடைக்காது. வீதித் தூணில் இருக்கும் சின்னப் பெட்டியில்தான் ஃபைபர் வீடுவீடாகப் பிரிகிறது. அதில் போர்ட், அதாவது கம்பி செருகும் துளை, மிச்சமில்லை என்றால், கம்பி படலைக்கு மேலால் போனாலும் நமக்கு இணைப்பு இல்லை. ஆகவே 'எங்கட ஊருக்கு ஃபைபர் வந்திட்டுதா' என்று கேட்காமல், 'எங்கட வீட்டுக்குக் கிட்ட உள்ள பெட்டியில போர்ட் இருக்கா' என்று கேளுங்கள். போர்ட் இருந்தால் யோசிக்க வேண்டாம், ஃபைபரையே எடுங்கள்.

செப்டெம்பர் 23 – செவ்வாய்

ஃபைபர் இல்லாத வீட்டுக்கு 4ஜி ரவுட்டர், அதாவது சிம் போட்டால் வீடு முழுக்க வைஃபை தரும் பெட்டி. பணம் கட்டும் முன் அந்தக் கம்பனியின் சிம் ஒன்றைப் போனில் போட்டு அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்ட் போனில் அமைப்புகள், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் சிக்னலின் பலம் டிபிஎம் (dBm) என்ற அளவில் தெரியும். அது கழித்தல் எண், பூச்சியத்துக்குக் கிட்ட வரவர நல்லது. -85 நல்லது, -100 சமாளிக்கலாம், -110க்குக் கீழே போனால் வேறு கம்பனியின் சிம்மைப் பாருங்கள்.

வீட்டுக்குள் ஒருமுறை, யன்னலடியில் ஒருமுறை, முற்றத்தில் ஒருமுறை அளக்க வேண்டும். வெளியே -88, உள்ளே -108 என்றால் பழி டவரில் இல்லை, தகரக் கூரையில். ஓடு சிக்னலை ஓரளவு விடும், தகரம் விடாது.

பிறகு வேகம். காலை பத்து மணிக்கு ஒன்று, இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் ஒன்று, மூன்று நாளைக்குப் பாருங்கள். சிக்னல் அப்படியே இருக்க இரவில் வேகம் மட்டும் விழுந்தால் டவரில் ஆட்கள் நெரிசல். அதற்கு எந்த அன்டெனாவும் மருந்தல்ல. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

செப்டெம்பர் 24 – புதன்

நேற்றைய குறிப்பின் மிச்சம், அன்டெனா. கூரையில் பெரிய அன்டெனா, அங்கிருந்து பத்து மீற்றர் மெல்லிய கோஅக்ஸ் வயர் (டிவி அன்டெனா வயர் மாதிரியானது), கீழே ரவுட்டர்: இது வீண்செலவு. 4ஜி ஓடும் 2300 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் அந்த வயர் மீற்றருக்குக் கிட்டத்தட்ட ஒரு டெசிபல் சிக்னலைத் தின்னும். அன்டெனா கூட்டித் தருவதை வயரே விழுங்கிவிடும். வெளியில் பொருத்தும் ரவுட்டரை வாங்கி, கூரையிலிருந்து லேன் வயரை (கணினியை ரவுட்டரோடு இணைக்கும் வயர்) இறக்குங்கள். நூறு மீற்றர் வரை இழப்புப் பயம் இல்லை.

தென்னோலைக்குப் பின்னால் பொருத்தாதீர்கள். கோடையில் இணையம் ஓடும், மாரியில் நனைந்த ஓலை சிக்னலைக் குடித்துவிடும். திருக்கோவில், கல்முனை போன்ற கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று இணைப்பிகளை அரிக்கும், ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள். சுவர்த்துளைக்கு முன்னால் வயரை ஒரு சாண் தாழ்த்தி வளைத்து விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டும், உள்ளே வராது.

செப்டெம்பர் 28 – ஞாயிறு

ஜிபி கணக்கு. எச்டி வீடியோ மணிக்குச் சுமார் 3 ஜிபி. இரவில் இரண்டு மணித்தியாலம் பார்த்தால் மாதம் 180 ஜிபி, அதிலேயே 100 ஜிபி பக்கேஜ் பதினேழாம் நாள் முடியும். பக்கேஜில் இரவு டேட்டா எவ்வளவு, பகல் டேட்டா எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். நடுநிசிக்குப் பிறகு மட்டும் ஓடும் ஜிபியால் படிக்கிற பிள்ளைக்குப் பயனில்லை. 'வரையறையற்றது' என்றால் எத்தனை ஜிபிக்குப் பின் வேகம் எதற்கு இறங்கும் என்று கேளுங்கள். 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) என்பது நொடிக்கு 2.5 மெகாபைட்தான், ஒரு ஜிபி இறங்க ஏழு நிமிடம். சூம் வகுப்புக்கு அப்லோட் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 4 – சனி

ஃபைபர் பொருத்தும் நாளில் தொழில்நுட்பவியலாளரிடம் ஒளிமானியை, அதாவது கம்பியில் வரும் ஒளியை அளக்கும் கருவியை, காட்டச் சொல்லுங்கள். -15 முதல் -25 டிபிஎம் வரை சரி. -27ஐத் தொட்டால் மழைக்காலத்தில் விட்டுவிட்டு அறுபடும், அன்றே திருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் காரணம் இணைப்பியில் ஊசிமுனை அளவு அழுக்கு, அல்லது கதவு மூலையில் மடிந்த கம்பி. ஃபைபர் கம்பியின் பச்சை முனையை நீல முனையோடு பொருத்தக் கூடாது, பச்சையின் முகம் சாய்வாக வெட்டப்பட்டது. வீட்டு ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை, ரவுட்டரை நூறு தரம் அணைத்துப் போட்டும் பலனில்லை.

ஒக்டோபர் 12 – ஞாயிறு

பின்னேர இடி தொடங்கும் காலம். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் அதைத் தாங்கும் உருக்குக் கம்பி கடத்தும். அதை வெளிச்சுவர்க் கொக்கியோடு நிறுத்த வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கூரை ரவுட்டர் என்றால் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, லேன் வயரையும் கழற்றுங்கள்.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ், அதாவது பற்றரிப் பெட்டி. பற்றரியின் கொள்ளளவு 8800 எம்ஏஎச் என்று பெட்டியில் போட்டிருந்தால், உள்ளிருக்கும் பற்றரியின் வோல்ட்டான 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், சுமார் 32 வாட்-மணி. பத்து வாட் ரவுட்டருக்கு இழப்புப் போக இரண்டரை மணித்தியாலம். 'எட்டு மணித்தியாலம்' என்பது அட்டைப்பெட்டிக் கதை.

ஒக்டோபர் 19 – ஞாயிறு

வாகரையின் உட்பகுதி போல டவர் எட்டாத இடத்துக்கு ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் இருக்கிறது, 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. திறந்த வானம் வேண்டும், மரம் மறைத்தால் அடிக்கடி நொடிக்கணக்கில் அறுபடும். கருவி 75 வாட் எடுக்கிறது என்று வைத்தாலும், நாள் முழுக்க ஓடினால் மாதம் 54 யுனிட், மின்கட்டணப் படி ஒன்று ஏறலாம். அதையும் விலையில் கூட்டுங்கள்.

பாவித்த 4ஜி ரவுட்டர் வாங்குபவர்கள் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண்) 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வேறு கம்பனியின் சிம்மும் அதில் வேலை செய்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.