பேரேடு இல்லாத சர்வர்

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் வணிக நிறுவனத்தின் அலுவலகம் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் இயங்குகிறது. முகப்பில் வரவேற்பு, வளவைச் சுற்றிய அறைகளில் கணக்குப் பிரிவும் கொள்முதல் பிரிவும், ஒரு காலத்தில் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த அறையில் சர்வர்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள் சித்திரை வெயிலிலும் அந்த அறையை ஓரளவு குளிர்ச்சியாக வைத்திருக்கும். அதே சுவர்கள் வைஃபை அலையைப் பக்கத்து அறைக்குக்கூட விடமாட்டா. 2010இல் நான் சேர்ந்தபோது அங்கே இருந்தது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஓடிய ஒரே ஒரு பெட்டி. 2012 முதல் அதற்கு அருகில் ஒரு லினக்ஸ் சர்வரும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பராமரித்ததில், எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் பலமுறை மாறியிருக்கிறது.

முதலில் விலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் எந்தப் பேச்சும் அங்கேதான் தொடங்கும். விண்டோஸ் சர்வரை வாங்கினால் மட்டும் போதாது. அதனுடன் இணையும் ஒவ்வொரு ஆளுக்கோ ஒவ்வொரு கருவிக்கோ தனியாக அணுகல் உரிமம் வாங்க வேண்டும். இதை முதலாளி ஐயாவிடம் விளக்கியபோது, "பெட்டிக்கு விலைன்னா சரி தம்பி, அதுக்கு முன்னாடி உக்கார்ற ஆளுக்கும் விலையா?" என்றார். ஆனால் அந்த விதியைப் பொறுமையாகப் படித்தால் பணம் மிச்சமாகும் இடமும் அதற்குள்ளேயே உண்டு. புதுவயலில் உள்ள எங்கள் அரிசி ஆலையின் எடைமேடையில் ஒரே கணினியில் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் மாறி மாறி அமர்கிறார்கள்; அங்கே ஆள் கணக்கில் வாங்கினால் மூன்று உரிமம், கருவி கணக்கில் வாங்கினால் ஒன்று. 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, செயலிக்குள் இருக்கும் கோர்களின் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகளின்) எண்ணிக்கையை வைத்து விலை போடும் முறை வந்தது. ஒரு சர்வருக்குக் குறைந்தது பதினாறு கோருக்கு உரிமம் எடுத்தாக வேண்டும். 2020இல் நாங்கள் வாங்கிய புதிய பெட்டியில் இருந்தவை எட்டே கோர்கள். "இல்லாத மாட்டுக்கும் சேத்து வைக்கோல் வாங்கணுமா?" என்று ஐயா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தும் வாங்கினோம். எங்கள் கணக்கு முழுவதும் டேலியில் இருக்கிறது, அது விண்டோஸில் ஓடுவதற்காக எழுதப்பட்டது, ஆடிட்டரும் அதைத்தான் கேட்கிறார். சர்வரில் எந்த இயங்குதளம் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சர்வரைப் பராமரிப்பவன் முடிவு செய்வதில்லை. கணக்குப் பிரிவின் மென்பொருள்தான் முடிவு செய்கிறது.

லினக்ஸ் உள்ளே வந்தது மின்வெட்டு வழியாக. 2012இல் தமிழ்நாட்டில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு வேலையாக இருந்தது. கோப்புகளைப் பகிர மட்டும் ஒரு தனிப் பெட்டி இருந்தால், கணக்கு சர்வரைச் சீக்கிரம் அணைத்துவிட்டு, இருக்கும் யூபிஎஸ் பேட்டரியைக் கொண்டு சமாளிக்கலாம் என்று தோன்றியது. அதற்கும் உரிமம் வாங்கக் கேட்க எனக்குத் துணிவில்லை. கழித்துப் போட்ட ஒரு கணினியில் சென்ட்ஓஎஸ் 6 என்ற இலவச லினக்ஸை நிறுவி, விண்டோஸ் கணினிகளுடன் அவற்றின் மொழியிலேயே பேசும் சாம்பா மென்பொருளை அதன்மேல் ஏற்றினேன். கணக்குப் பிரிவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. (அதனால் மிச்சமான தொகை என் சம்பளத்தில் சேரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.)

அந்தப் பெட்டியிடம் எனக்குப் பிடித்துப்போனது அதன் வெளிப்படையான பேச்சு. விண்டோஸ் சர்வர் மின்வெட்டில் அணைந்து மீண்டும் எழுந்தால், நிகழ்வுப் பதிவில் 41 என்ற எண்ணுடன், முறையாக மூடப்படாமல் கணினி மறுதொடக்கம் ஆனது என்று ஒரு வரி இருக்கும். அது எனக்கு முன்பே தெரிந்த செய்தி. லினக்ஸிலும் அணைந்த கணத்தைப் பற்றிய வரி இருக்காது, ஆனால் அதற்கு முந்தைய மூன்று நாட்களில் வன்வட்டு எத்தனை முறை படிக்கத் திணறியது, எந்த இடத்தில் திணறியது என்பதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பாக, எந்தக் கருவியும் இல்லாமல் படிக்கும்படி கிடந்தது. அப்படிப் படித்துத்தான் ஒருமுறை மின்வெட்டின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்த கோளாறு சாகப்போகும் ஒரு வன்வட்டால் வந்தது என்று கண்டுபிடித்தேன். விண்டோஸிலும் இதே தகவலை எடுக்கலாம் என்று பிற்பாடு கற்றுக்கொண்டேன். ஆனால் அங்கே தேட வேண்டிய இடம் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு லினக்ஸின்மேல் பற்று கூடிய அதே அளவுக்கு, அலுவலகத்தில் எது நடந்தாலும் "உங்க லினக்ஸ்" என்று சொல்வதும் கூடியது. ஒருநாள் பகிர்வுக் கோப்புறையில் 'கொள்முதல்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் தெரிந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலவே இருந்தன, ஆனால் ஒன்றில் போன மாதப் பற்றுச்சீட்டுகள், மற்றொன்றில் இந்த மாதத்தவை. கணக்கர் அண்ணன், "ஒரே பேர்ல ரெண்டு வைக்க விண்டோஸ் விடாது தம்பி, உங்க லினக்ஸ்தான் விட்டிருக்கு" என்றார். நானும் மனத்துக்குள் அதை ஒப்புக்கொண்டேதான் பெயர்களைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் 'கொ'வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாக மூன்று பைட்டில் இருந்தன. மற்றொன்றில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என ஆறு பைட். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. திரையிலும் ஒன்றாகவே தெரியும். ஆனால் கோப்பு முறைமை வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டைத்தான் பார்க்கிறது. ஆலையில் ஒருவர் வேறொரு தமிழ் விசைப்பலகை மென்பொருளைப் போட்டிருந்ததே காரணம். அதே இரண்டு பெயர்களை விண்டோஸ் சர்வரில் உருவாக்கிப் பார்த்தேன். அதுவும் மறுபேச்சில்லாமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. கணக்கர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுங்க" என்றார்.

பாதுகாப்பு விஷயத்திலும் எனக்குச் சற்றே கர்வம் இருந்தது. 2017 மே மாதம் அது தணிந்தது. மே 12ஆம் தேதி வானாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் விண்டோஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. எங்கள் சர்வரில் அது ஏறவில்லை, ஏனென்றால் நெல் வரத்துக் காலத்தில் சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டாம் என்று நானே தள்ளிப்போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி, வலைக் கம்பியைப் பிடுங்கிவைத்து, திருத்தத்தை ஏற்றி முடிக்கும்வரை எனக்குக் காபி இறங்கவில்லை. நல்லவேளையாக எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'லினக்ஸாவது தப்பித்தது' என்று நான் ஆறுதல் அடைந்திருந்தபோது, அதே மாதம் 24ஆம் தேதி சாம்பாவில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. 2010இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து, ஏழு ஆண்டுகள், மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலையில் அது அங்கேயே இருந்திருக்கிறது. திறந்து வைத்த கதவு வழியே யாராவது உள்ளே போய்ப் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி என்று அன்றைக்குப் புரிந்தது. வேறுபாடு ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: சாம்பாவைத் திருத்தி அந்தச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்யச் சில நிமிடங்களே ஆயின, பெட்டியை அணைக்கவே இல்லை; ஆகவே தள்ளிப்போடவும் காரணம் கிடைக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட 2019ஆம் ஆண்டுத் தைப்பூசம்தான் என் எண்ணத்தை மாற்றியது. அவ்வருடம் நான் பழநிக்குப் பாதயாத்திரை போயிருந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த நாளில், நத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எனக்கு உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்த, கல்லல் பக்கத்துப் பெண் பேசினார். "சார், லினக்ஸ் எழுந்திரிக்க மாட்டேங்குது. ரூட் பாஸ்வேர்டு குடுன்னு கேட்டுக்கிட்டு நிக்கிது." பின்னால் கணக்கர் அண்ணனின் குரலும், பின்னும் இரண்டு பேரின் குரலும் கேட்டன.

நடந்தது இது: போகிக்கு அறையைச் சுத்தம் செய்தவர்கள், காப்புநகலுக்காக நான் செருகியிருந்த யூஎஸ்பி வன்வட்டைக் கழற்றி எங்கோ பத்திரமாக வைத்துவிட்டார்கள். விடுமுறையில் மின்சாரம் போய்ப் பேட்டரியும் தீர்ந்து சர்வர் அணைந்திருக்கிறது. மீண்டும் எழும்போது, தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலில் அந்த வன்வட்டும் இருந்ததால், தொண்ணூறு நொடி அதற்காகக் காத்திருந்துவிட்டு, அவசர நிலைக்குப் போய் நின்றுவிட்டது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தால் வட்டு இல்லாமலேயே எழுந்திருக்கும். தவறு முழுக்க என்னுடையது. விண்டோஸாக இருந்தால் ஓர் இயக்ககத்தின் எழுத்து (D:, E: போன்றது) மட்டும் காணாமற்போயிருக்கும், சர்வர் எழுந்திருக்கும்.

சாலையோரப் புளியமரத்தடியில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்து, வன்வட்டின் வரியைச் சர்வர் கண்டுகொள்ளாதபடி அதற்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு மூடுவது எப்படி என்று ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொன்னேன். விஐ என்ற அந்த எடிட்டரை முதன்முதலில் தொடுபவருக்குத் தொலைபேசியில் சொல்லித்தருவதைவிட மலையேறுவது எளிது. "ஐயை அழுத்தும்மா. இப்ப குறியைப் போடு. எஸ்கேப். கோலன், டபிள்யூ, க்யூ." இரண்டாம் முறைதான் சரியானது. சர்வர் எழுந்தபோது என் கைப்பேசியில் எட்டு சதவீதம் மின்னூட்டம் மிச்சமிருந்தது. அதே விடுமுறையில் விண்டோஸ் சர்வரும் அணைந்திருந்தது. அதைத் தெருக்கோடியில் கணினிக் கடை வைத்திருக்கும் பையன் வந்து பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

ஊர் திரும்பியதும் ஐயா கூப்பிட்டார். கோபப்படவில்லை. "எங்க ஐயா காலத்துல பர்மாக் கடைக்குப் போற மேலாள் மூணு வருசம் இருந்து, கணக்கை ஒப்படைச்சிட்டு ஊருக்கு வந்துருவாரு. அடுத்துப் போறவரு பேரேட்டைப் பாத்துத்தான் கடையை நடத்துவாரு. உங்க பேரேடு எங்க தம்பி?" என்றார்.

உலகமே படிக்கலாம் என்று திறந்து வைக்கப்பட்ட மென்பொருள் எங்கள் அலுவலகத்தில் என் ஒருவனுக்கு மட்டுமே திறந்திருந்தது. மூல நிரலைக் காட்டாத விண்டோஸையோ காரைக்குடியில் பத்துப் பேராவது இயக்குவார்கள். உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்தி, அதற்குப் பதிலாக நிறுவனத்தை என் நினைவாற்றலிடம் அடகு வைத்திருந்தேன். அந்த வாரமே ஒரு நீள நோட்டு வாங்கி எழுதத் தொடங்கினேன். ஏழு ஆண்டுகளில் இரவு நேரங்களில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவுகூர்வதற்குள் சித்திரை வந்துவிட்டது; ஏன் செய்தேன் என்று எனக்கே விளங்காத மாற்றங்களும் சில இருந்தன.

நோட்டுக்கு வேலை வந்தது 2024இல். நாங்கள் 2016இலேயே சென்ட்ஓஎஸ் 7க்கு மாறியிருந்தோம். அதன் ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்தது. விண்டோஸ் 2008 ஆர்2க்கும் இதேபோல 2020 ஜனவரி 14இல் முடிவு வந்தது. இலவசமாகக் கிடைப்பதற்குக் கெடு கிடையாது என்று நம்பியிருந்தவர்களுக்கு 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும்: 2029 வரை எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு நின்றது. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியும் உண்மை. மூல நிரல் வெளியே இருந்ததால் 2021க்குள்ளேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு மாற்றுகள் எழுந்துவிட்டன. மூடிய மென்பொருளில் கெடு முடிந்தால் அதை உருவாக்கிய நிறுவனம் சொல்லும் அடுத்த பதிப்புதான் வழி.

நாங்கள் அல்மாலினக்ஸ் 9க்கு மாறினோம். மாற்றத்தை நான் செய்யவில்லை. நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணே இரண்டு சனிக்கிழமைகளில் செய்து முடித்தார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஆடிட்டர் கேட்ட ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை. மாலையில் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் வரிகள் பலவற்றை அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தில் மாற்றி எழுதியிருந்தார். காப்புநகல் வட்டைப் பற்றிய பக்கத்தில் நான் 'நோஃபெயில்' என்பதை அடிக்கோடிட்டு எழுதியிருந்த வரியை அப்படியே விட்டு, அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "போகிக்கு முந்தின நாள் வட்டைக் கழற்றி, கணக்கர் அண்ணன் பீரோவில், இரண்டாம் தட்டில் வைக்கவும்."