சீனி இல்லாத நான்கு மாதங்கள்

மார்ச் மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலை அது. அப்பா பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், அன்றே சீனியை நிறுத்திவிட்டேன்.

நாளொன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 32 கிராம் சீனி ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலோ, இயன்றால் நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. நாட்டுச்சர்க்கரையும் தேனும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே. வெல்லத்துக்கு மாறினால் போதும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

முதல் வாரம் கடினமாகத்தான் இருந்தது. மாலை நான்கு மணிக்குத் தலை கனக்கும். கடையில் "அண்ணே, ஒரு வித்தவுட்" என்று சொல்லிவிட்டு, கசப்பைப் பொறுத்துக்கொண்டு குடிப்பேன். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், பாலுக்கே உரிய மெல்லிய இனிப்பு நாவில் தட்டுப்பட்டபோது கண்ணாடித் தம்ளரைக் கீழே வைக்க மனமே வரவில்லை.

பொட்டலங்களின் பின்புறத்தையும் இப்போது படிக்கிறேன். சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடுவார்கள். உடலுக்கு நல்லது என்று நம்பி வாங்கிவந்த பிஸ்கட்டில், மாவுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை இருந்தது. தக்காளி சாஸிலும் அது உண்டு.

நேற்று வந்த முடிவு 5.6. மருத்துவர் சொன்ன மாலை நடையும் இதற்குத் துணையாக இருந்திருக்கும்.