அந்த ஆரஞ்சுத் திட்டு யாருடையது?

எம்.ஆர்.ஐ. அறைதான் என் பிழைப்பு. மூளைக் கட்டி அறுவைக்கு முன்னால், எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது, வலது கை விரல்களைத் தட்டச் சொல்வோம். பெருமூளையின் இடப்பக்கம் ஓர் ஆரஞ்சுத் திட்டு வரும், சிறுமூளையிலோ வலப்பக்கம். "அந்த இடத்துல நியூரான் எல்லாம் ஃபயர் ஆகுதா சார்?" என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். பெருமூளைக்கு ஓரளவு தலையாட்டிவிடுவேன். சிறுமூளைக்கு மாட்டேன்.

ஸ்கேன் பார்ப்பது ரத்தத்தை. விரல் அசைந்து ஐந்து நொடி கழித்துத்தான் சிக்னல் உச்சத்துக்கு வரும். அந்த ரத்தத்தை அழைத்தது யார்?

கோபன்ஹேகனில் மூளை ஆய்வாளர் மார்ட்டின் லாரிட்சன் குழு எலிகளின் சிறுமூளையில் இதைத் தோண்டிப் பார்த்தது. சிறுமூளைப் புறணியிலிருந்து (அதன் மேலடுக்கு) செய்தி வெளியே போக ஒரே வழி பர்கின்ஜி செல் என்ற நியூரான். அதற்குச் செய்தி கொண்டுவந்து, குறுக்காக ஓடும் இணை இழைகள் என்ற நரம்பு இழைகளை மின்சாரத்தால் தூண்டினார்கள். வழியில் இருக்கும் தடுப்பு நியூரான்களும் கிளம்பிவிட, பர்கின்ஜி செல்லின் மின்துடிப்பு அடங்கியது. ரத்த ஓட்டமோ ஏறியது! 1998இல் இதை வெளியிட்டார்கள். 2004இல் தலைகீழாகவும் பார்த்தார்கள்: மருந்து கொடுத்துத் தடுப்பை நீக்க, பர்கின்ஜி செல்லின் துடிப்பு இரண்டு மூன்று மடங்கானது; அடிப்படை ரத்த ஓட்டம் அசையவில்லை. எனக்கு முதலாவதைவிட இதுதான் பிடிக்கும், சாக்குப்போக்குக்கு இடமே வைக்காத சோதனை.

ஆக, ரத்தத்தைக் கூட்டுவது உள்ளே வரும் செய்தி. இணை இழை குளூட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளைக் கொட்டுகிறது, நியூரானுக்குள் கால்சியம் ஏறுகிறது, நைட்ரிக் ஆக்சைடு உருவாகிக் குழாய்ச் சுவர்த் தசையைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியை முடக்கினால் ஓட்டம் கூடுவது வெகுவாகக் குறையும். இதில் வேடிக்கை, பர்கின்ஜி செல்லிடம் அந்த நொதியே கிடையாது; பக்கத்திலுள்ள தடுப்பு நியூரான்களிடமும், இணை இழைகள் கிளம்பும் துகள் செல்களிடமும்தான் இருக்கிறது.

சரி, அறுவை மருத்துவருக்கு இந்தச் சிறுமூளைத் திட்டு எதற்கு? கட்டியை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சில சமயம் நியூரானின் பேச்சைக் கேட்காது. கை நன்றாக அசையும், பெருமூளையில் திட்டு மட்டும் வராது. அப்போது நான் முதலில் சிறுமூளையின் வலப்பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே ஆரஞ்சு இருந்தால் நோயாளி விரலைத் தட்டியிருக்கிறார். திட்டு இல்லாத பெருமூளைப் படத்தை நம்பி அந்த இடத்தில் கத்தி வைக்கக் கூடாது.